ஹோல்ஸ்டன், கிளிஞ்ச் பள்ளத்தாக்குகள்: ஊர் வரலாறும் குடும்ப வரலாறும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்தப் பகுதியைப் பற்றியது?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைத்தொடரில் வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையும் டென்னசியின் வடகிழக்கு மூலையும் சேரும் இடம். 1760களின் இறுதியிலிருந்து 1790கள் வரை ஆங்கிலேயக் குடியேற்றத்தின் எல்லைப்புறம் இதுதான்.

மலைமுகடுகள் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக வரிசை வரிசையாக ஓடுகின்றன. இடையிடையே நீளமான பள்ளத்தாக்குகள். ஹோல்ஸ்டன் ஆற்றின் மூன்று கிளைகளும் கிளிஞ்ச், பவல் ஆறுகளும் தென்மேற்கே இறங்கி டென்னசி ஆற்றோடு சேர்கின்றன. கிழக்கே நியூ ரிவர் மட்டும் வடக்கே திரும்பி ஒஹாயோவை நோக்கிப் போகிறது.

இந்த நில அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முகட்டைத் தாண்டுவது கடினம், பள்ளத்தாக்கோடு இறங்குவது சுலபம். இடம் பெயர்ந்த குடும்பம் பெரும்பாலும் அதே ஆற்றோடு தென்மேற்கே போயிருக்கும். ஒரு தலைமுறை ஏடுகளிலிருந்து திடீரென மறைந்தால், ஆறு இறங்கும் திசையில் உள்ள அடுத்த கவுண்டியைத்தான் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) நான் முதலில் பார்ப்பேன்.

குடியேறிகள் வருவதற்கு முன் இங்கே யாரும் இல்லையா?

இருந்தார்கள். "ஆளில்லாக் காடு" என்று பழைய ஊர் வரலாறுகள் எழுதிவைத்ததை அப்படியே ஏற்கக் கூடாது. செரோக்கி மக்களின் சோட்டா முதலிய ஊர்கள் தெற்கே லிட்டில் டென்னசி ஆற்றங்கரையில் இருந்தன. ஹோல்ஸ்டன், கிளிஞ்ச் பகுதிகள் அவர்களுடைய வேட்டை நிலம். ஒஹாயோ பக்கமிருந்து ஷானி மக்களும் வேட்டைக்கு வந்துபோனார்கள். இன்றைய கிங்ஸ்போர்ட் நகரத்தில் ஹோல்ஸ்டன் ஆற்றின் நடுவே ஒரு நீண்ட தீவு இருக்கிறது. செரோக்கிகளுக்கு அது புனிதமான இடம், ஒப்பந்தம் பேசும் இடமும் அதுதான். அதில் ஒரு சிறு துண்டை 1976இல் அந்த நகரம் கிழக்குச் செரோக்கி மக்களிடம் திருப்பிக் கொடுத்தது.

1763 அக்டோபரில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பிரகடனம், மலைத்தொடரின் நீர்பிரி முகட்டுக்கு மேற்கே குடியேறக் கூடாது என்று தடை போட்டது. ஹோல்ஸ்டனும் கிளிஞ்சும் நியூ ரிவரும் அந்தக் கோட்டுக்கு மேற்கேதான் ஓடுகின்றன. மக்கள் நிற்கவில்லை. 1768இல் ஹார்ட் லேபர் ஒப்பந்தம், 1770இல் லாக்கபர் ஒப்பந்தம் என்று கோடு மேற்கே தள்ளப்பட்டது. அப்படியும் வட்டாகா ஆற்றங்கரையில் இருந்தவர்கள் கோட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டார்கள். 1772இல் அவர்கள் செரோக்கிகளிடம் அந்த நிலத்தைப் பத்தாண்டுக் குத்தகைக்கு எடுத்தார்கள். தங்களை ஆள ஒரு சங்கத்தையும் அமைத்துக்கொண்டார்கள்.

1775 மார்ச்சில் இன்றைய எலிசபெத்டன் அருகே சிகமோர் ஷோல்ஸில் ரிச்சர்ட் ஹென்டர்சன் என்ற வழக்கறிஞர், சுமார் 10,000 பவுண்டு மதிப்புள்ள பணத்துக்கும் பொருட்களுக்கும் சுமார் 2 கோடி ஏக்கர் நிலத்தை வாங்கியதாக எழுதி வாங்கினார். செரோக்கித் தலைவர்களில் டிராகிங் கனூ அதைக் கடுமையாக எதிர்த்தார். அடுத்த ஆண்டு கோடையில் போர் வெடித்தது. விட்டுவிட்டு 1794 வரை நடந்த அந்தச் சண்டையில் இரு பக்கமும் குடும்பங்கள் அழிந்தன. 1776இல் மட்டும் பல செரோக்கி ஊர்கள் எரிக்கப்பட்டன.

குடும்ப வரலாறு தேடுபவருக்கு இதில் நேரடியான பாடம் உண்டு. மக்கள் முதலில் வந்தார்கள், சட்டம் பின்னால் வந்தது. 1769இல் குடிசை போட்டவருக்கு 1780களில்தான் பட்டா கிடைத்திருக்கும். இடையில் காகிதமே இல்லை என்பதால் அவர் அங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

குடியேறிகள் எங்கிருந்து வந்தார்கள்?

பெரும்பாலோர் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலிருந்து வந்த ஸ்காட்லாந்து வம்சாவளியினர், ஜெர்மானியர், கீழை வர்ஜீனியாவின் ஆங்கிலேயர். முதல் இரு கூட்டத்தாரும் பொதுவாக பிலடெல்ஃபியா துறைமுகத்தில் இறங்கி, பென்சில்வேனியாவில் சில காலம் தங்கி, கிரேட் வேகன் ரோடு என்ற பெருவழியில் ஷெனன்டோவா பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே இறங்கினார்கள். ரோனோக் பக்கம் வந்ததும் வழி பிரியும். ஒன்று கரோலினாவுக்கு, மற்றொன்று நியூ ரிவரைத் தாண்டி ஹோல்ஸ்டனுக்கு. 1775இல் டேனியல் பூன் சுமார் 30 பேரோடு ஹோல்ஸ்டன் தீவிலிருந்து கம்பர்லாந்து கணவாய் வழியாகக் கென்டக்கிக்குப் பாதை வெட்டினார். அதன் பிறகு இந்தப் பள்ளத்தாக்குகள் பலருக்கு வழித்தங்கல் ஆகிவிட்டன.

என் தேடலில் ஒரே ஆள் நான்கு கவுண்டிகளில் வருகிறார். இத்தனை முறையா வீடு மாற்றினார்?

பெரும்பாலும் அவர் நகரவே இல்லை. கவுண்டி எல்லைதான் நகர்ந்தது. புதிதாகத் தேட வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

இன்றைய ரஸ்ஸல் கவுண்டியின் காசில்வுட்டை எடுத்துக்கொள்வோம். 1771இல் அங்கே ஒருவர் சோளம் விதைத்தார் என்றால், அவர் இருந்தது பாட்டடாட் கவுண்டி. அது 1770இல்தான் அகஸ்டாவிலிருந்து பிரிந்திருந்தது. 1772இன் கடைசியில் அவர் நிலம் ஃபின்காசில் கவுண்டிக்குப் போனது. ஃபின்காசில் நான்கே ஆண்டுகள் வாழ்ந்தது. 1776 முடியும்போது அதைக் கலைத்து மான்ட்காமரி, வாஷிங்டன், கென்டக்கி என்று மூன்றாக்கினார்கள். காசில்வுட் வாஷிங்டனுக்குச் சேர்ந்தது. 1786இல் ரஸ்ஸல் கவுண்டி பிறந்தது. 15 ஆண்டுகளில் நான்கு கவுண்டிகள், அதே குடிசை, அதே ஓடை.

அதற்குப் பிறகும் பிரிவினை நிற்கவில்லை. லீ 1793, டாஸ்வெல் 1800, ஸ்காட் 1814, ஸ்மித் 1832, வைஸ் 1856, பியூகேனன் 1858, கடைசியாக டிக்கன்சன் 1880. வர்ஜீனியாவில் அதற்குப் பிறகு புதிய கவுண்டி உருவாகவில்லை. சட்டம் இயற்றிய ஆண்டும் நடைமுறைக்கு வந்த ஆண்டும் ஒன்றிரண்டு வேறுபடும் என்பதால் புத்தகத்துக்குப் புத்தகம் தேதி மாறும். அதற்காகப் பதற வேண்டாம்.

கவுண்டி பிரிந்தால் பழைய ஏடுகள் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். கலைக்கப்பட்ட ஃபின்காசிலின் ஏடுகள் கிறிஸ்டியன்ஸ்பர்க்கில், மான்ட்காமரி கவுண்டியின் நீதிமன்றத்துக்குப் போயின. ஃபின்காசில் என்ற பெயரில் ஒரு ஊர் பாட்டடாட் கவுண்டியில் இருக்கிறது. பெயரை நம்பி அங்கே போய்த் தேடி ஏமாந்தவர்கள் உண்டு.

என் அறிவுரை இதுதான்: குடும்பப் பெயரைத் தேடுவதற்கு முன் நிலத்தைக் கண்டுபிடியுங்கள். எந்த ஓடை, எந்த ஆற்றுக்கிளை என்று தெரிந்துவிட்டால், எந்த ஆண்டில் எந்தக் கவுண்டி என்பதை வரைபடம் சொல்லிவிடும். பாட்டடாட்டை உருவாக்கிய சட்டத்திலேயே இது தெரிகிறது. மிசிசிப்பியில் கலக்கும் நீரோட்டங்களின் கரையில் வாழ்பவர்கள் கோர்ட் கட்டிடத்துக்கான வரியைக் கட்ட வேண்டாம், அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள், சீக்கிரமே தனிக் கவுண்டி கேட்பார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. சட்டம் எழுதியவர்களே ஆட்களை ஆற்றை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள்.

மாநிலமும் மாறியதா?

ஆமாம், டென்னசிப் பக்கத்தில் இது இன்னும் சிக்கல். ஹோல்ஸ்டனுக்கு வடக்கே குடியேறியவர்கள் தாங்கள் வர்ஜீனியாவில் இருப்பதாக நம்பி அங்கே வரி கட்டினார்கள், அங்கேயே நிலம் பதிந்தார்கள். 1779-80இல் வர்ஜீனியாவும் வட கரோலினாவும் தனித்தனியாகக் கோடு இழுத்தன. இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் யாருடைய சட்டம் செல்லும் என்ற சண்டை 1802-03இல் நடுவே புதுக்கோடு இழுக்கும் வரை நீடித்தது.

தெற்கே, வட்டாகா பகுதி 1777இல் வட கரோலினாவின் வாஷிங்டன் கவுண்டி ஆனது. வர்ஜீனியாவிலும் பக்கத்திலேயே ஒரு வாஷிங்டன் கவுண்டி இருப்பதை மறக்காதீர்கள். 1784 முதல் 1788 வரை ஃபிராங்ளின் என்ற பெயரில் தனி மாநிலம் நடத்தப் பார்த்தார்கள். ஜான் செவியர் அதன் ஆளுநர். அது நிலைக்கவில்லை. 1790இல் தென்மேற்குப் பிரதேசம், 1796 ஜூனில் டென்னசி மாநிலம். ஆக, ஜோன்ஸ்பரோ பக்கம் 1780இல் பிறந்த குழந்தையை "டென்னசியில் பிறந்தவர்" என்று பேரன் எழுதுவதும், "வட கரோலினா" என்று அவரே சொல்வதும் இரண்டும் சரிதான்.

பழைய நிலப் பத்திரங்களை எப்படிப் படிப்பது?

பொறுமையாக, பென்சிலும் காகிதமும் வைத்துக்கொண்டு. நம்மூர்ப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவதுபோல இங்கேயும் எல்லையைச் சொற்களால் சுற்றி வருவார்கள். "ஓடைக்கரையில் உள்ள வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, வடக்கிலிருந்து இத்தனை டிகிரி கிழக்கே இத்தனை போல் தூரம் ஒரு பாப்லர் மரம் வரை, அங்கிருந்து இன்னாருடைய கோட்டோடு..." என்று போகும். ஒரு போல் என்பது 16.5 அடி. 320 போல் ஒரு மைல். நான்கு போல் சேர்ந்தால் சர்வேயரின் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. டிகிரியையும் தூரத்தையும் அளவுப்படி வரைந்தால் நிலத்தின் வடிவம் வந்துவிடும். அதை இன்றைய வரைபடத்தின் ஓடை வளைவுகளோடு பொருத்திப் பார்க்கலாம். பக்கத்து நிலங்களையும் வரைந்து ஒட்டினால் ஒரு பள்ளத்தாக்கின் அக்கம்பக்கம் முழுவதும் கண்முன் எழும். இந்த வேலையில் எனக்கு அலுப்பே தட்டுவதில்லை.

எல்லை மரங்களில் செஸ்ட்நட் அடிக்கடி வரும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒரு பூஞ்சை நோய் வந்து அந்த மரங்களைக் காடு காடாகக் கொன்றது. பத்திரத்தில் சொன்ன மரத்தை நேரில் தேடிப் பயனில்லை, ஓடையையும் முகட்டையும் நம்புங்கள்.

வர்ஜீனியாவில் பட்டா கிடைப்பதற்குப் பல படிகள் உண்டு. 1779ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி, 1778 ஜனவரி 1க்கு முன் குடியேறி ஓராண்டு வாழ்ந்தவர் அல்லது சோளம் பயிரிட்டவர் 400 ஏக்கருக்குச் சான்றிதழ் பெறலாம். அதை ஒட்டி மேலும் 1,000 ஏக்கர் வாங்க முன்னுரிமையும் உண்டு. மற்றவர்கள் கருவூலத்தில் பணம் கட்டி வாரன்ட் என்ற நில உரிமைச் சீட்டு வாங்க வேண்டும். வாரன்ட், பதிவு, நில அளவை, கடைசியில் ஆளுநர் கையெழுத்திட்ட பட்டா. ஒவ்வொரு படிக்கும் தனித்தனிக் காகிதம். அதில் மிகவும் பயன்படுவது குடியேற்றச் சான்றிதழ். எந்த ஆண்டு வந்தார் என்பது அதில் இருக்கும், அந்த உரிமையை யாரிடமிருந்து வாங்கினார் என்பதும் சில சமயம் இருக்கும். பட்டாவின் தேதியை மட்டும் பார்த்து "1787இல் வந்தார்" என்று குடும்ப மரத்தில் எழுதிவைக்கிறார்கள். அவர் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கலாம்.

பட்டாவில் பக்கத்து நிலக்காரர்களின் பெயர்களையும், அளவை ஏட்டில் இருந்தால் சங்கிலி பிடித்தவர்களின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சங்கிலி பிடிக்க வந்தவர் பெரும்பாலும் மகன், மைத்துனன், பக்கத்து வீட்டுக்காரர்.

1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயர் இல்லையே?

வர்ஜீனியாவின் 1790, 1800 கணக்கெடுப்புத் தாள்கள் தொலைந்துவிட்டன. டென்னசிக்கும் அதே கதி. கிழக்கு டென்னசிக்கு 1820உம் கிடையாது. பல குடும்பங்களுக்கு 1830தான் முதல் கணக்கெடுப்பு. அதுவும் 1840 வரை குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் வருவது 1850இல், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதுவது 1880இல். 1890இன் தாள்கள் பெரும்பாலும் 1921இல் நடந்த தீ விபத்தில் போயின.

அதனால் வர்ஜீனியாவில் வரிப் பட்டியல்தான் நமக்குக் கதி. 1782 முதல் ஆண்டுதோறும் எடுத்தார்கள். வீட்டில் 16 வயதைத் தாண்டிய ஆண்கள் எத்தனை, குதிரை எத்தனை என்று இருக்கும். ஒரே ஆண்டைப் பார்த்தால் ஒன்றும் புலப்படாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தொடர்ந்து படியுங்கள். தந்தையின் வரிசையில் எண்ணிக்கை ஒன்று கூடினால் ஒரு மகனுக்கு 16 வயது ஆகியிருக்கலாம். சில ஆண்டுகள் கழித்து அதே குடும்பப் பெயரில் புதிய வரிசை தோன்றினால் அவனுக்கு 21. ஒரு ஆணின் பெயர் நின்று, அதே இடத்தில் ஒரு பெண்ணின் பெயர் வந்தால் அவர் இறந்து மனைவி விதவையாகியிருக்கக்கூடும்.

ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். யார் நம் ஆள்?

முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்று வைக்கும் பழக்கம் பரவலாக இருந்தது. கட்டாயமான விதி அல்ல. நான்கு அண்ணன் தம்பிகள் தங்கள் தந்தை பெயரை மூத்த மகனுக்கு வைத்தால் ஒரே பள்ளத்தாக்கில் நான்கு ஜான்கள் வந்துவிடுவார்கள்.

பெயருக்குப் பின்னால் "சீனியர்", "ஜூனியர்" என்று வந்தால் தந்தை, மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்தில் அது மூத்தவர், இளையவர் என்ற அடையாளம் மட்டும். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் இளையவர் "சீனியர்" ஆகிவிடுவார்.

பிரித்தறிய வழி: ஒவ்வொருவருக்கும் தனித்தாள் போட்டு, அவருடைய ஓடை, மனைவியின் பெயர், சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள், எழுதத் தெரியுமா அல்லது கீறல் அடையாளம் போட்டாரா என்பதைக் குறியுங்கள். அக்கம்பக்கத்தாரைப் பின்தொடர்ந்தால் ஆள் தானாகப் பிரிந்து வருவார். இணையத்தில் ஆயிரம் குடும்ப மரங்களில் ஒரே தகவல் இருக்கிறது என்பது சாட்சி ஆகாது. பெரும்பாலும் அது ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பிரதி எடுத்தது.

எங்கள் முன்னோர் கிங்ஸ் மவுண்டன் போரில் இருந்தாராமே?

இருந்திருக்கலாம். அது அமெரிக்கச் சுதந்திரப் போரின் ஒரு சண்டை. 1780 செப்டம்பர் 25இல் சிகமோர் ஷோல்ஸில் கூடிய மலைநாட்டார் மலையைத் தாண்டிப் போய், அக்டோபர் 7இல் பிரிட்டிஷ் தரப்பின் பேட்ரிக் ஃபெர்குசனின் படையைத் தோற்கடித்தார்கள். வில்லியம் கேம்பல், ஐசக் ஷெல்பி, ஜான் செவியர் ஆகியோர் தலைமை தாங்கினார்கள். சண்டை சுமார் ஒரு மணி நேரம். கலந்துகொண்டவர்கள் ஏறக்குறைய 900 பேர். முழுமையான ஆள் பட்டியல் எடுக்கப்படவில்லை. இந்தப் பகுதியில் அநேகமாக எல்லாக் குடும்பமும் உரிமை கொண்டாடுவதால் ஆதாரம் கேட்க வேண்டியிருக்கிறது.

சிறந்த ஆதாரம் பென்ஷன் மனு. 1832 ஜூன் 7ஆம் தேதிச் சட்டம், ஏழ்மையை நிரூபிக்கத் தேவையில்லாமல், ஆறு மாதமாவது பணியாற்றிய மிலிஷியாக்காரர்களுக்கும் (உள்ளூர்க் குடிப்படையினர்) பென்ஷன் கொடுத்தது. எழுபது, எண்பது வயதுக் கிழவர்கள் கவுண்டி கோர்ட்டில் நின்று தங்கள் வாழ்க்கையைச் சொன்னார்கள். எங்கே, எப்போது பிறந்தீர்கள், படைக்குப் போனபோது எங்கே இருந்தீர்கள், பிறகு எங்கெல்லாம் வாழ்ந்தீர்கள் என்று கேள்விகள் வரிசையாகக் கேட்கப்பட்டன. கிளிஞ்ச் ஆற்றங்கரையில் இரண்டிரண்டு பேராகக் காட்டுக்குள் நடந்து எதிரியின் தடம் பார்த்தது, கோட்டையில் குடும்பங்களோடு ஒடுங்கியிருந்தது எல்லாம் அவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயியின் குரல் இத்தனை தெளிவாக வேறு எந்த ஏட்டிலும் கேட்காது. மனு தள்ளுபடி ஆகியிருந்தாலும் படியுங்கள். அதிகாரிகள் மறுத்தது பென்ஷனைத்தான். வாழ்க்கைக் கதை உள்ளே அப்படியே இருக்கிறது.

1836, 1838 சட்டங்களின்படி விதவைகளும் மனு கொடுத்தார்கள். திருமணத்தை நிரூபிக்கக் குடும்ப பைபிளின் பிறப்பு, திருமணப் பக்கங்களைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பியவர்கள் உண்டு. அவை இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் இருக்கின்றன.

கோட்டைகள் என்கிறார்களே, பெரிய கட்டிடங்களா?

இல்லை. மூர்ஸ் ஃபோர்ட், பிளாக்மோர்ஸ் ஃபோர்ட், ஆபிங்டனின் பிளாக்ஸ் ஃபோர்ட் எல்லாம் மரக்கட்டை வீடுகள், அவற்றைச் சுற்றி மரவேலி. ஆபத்துக் காலத்தில் சுற்றியுள்ள குடும்பங்கள் அங்கே கூடும். இதனால் "கோட்டைக் குடும்பங்கள்" ஒன்றோடொன்று பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. மருமகள் எந்தக் குடும்பம் என்று தெரியாவிட்டால் அதே கோட்டையில் இருந்தவர்களின் பெயர்களைப் பாருங்கள்.

பெண்களின் பிறந்த வீட்டுப் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா?

கடினம், முடியாதது அல்ல. மணமான பெண் தன் பெயரில் சொத்து வைக்க முடியாத காலம் அது. ஆனால் கணவனின் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு ஆயுள் உரிமை. அதனால் கணவன் நிலத்தை விற்கும்போது, அவளைத் தனியே அழைத்து, மனமுவந்து சம்மதிக்கிறாயா என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். அவளுடைய முதற்பெயர் அங்கே கிடைக்கும். திருமண உறுதிப் பத்திரத்தில் மணமகனோடு பிணை நின்றவர் பல நேரம் பெண்ணின் தந்தை அல்லது சகோதரன். பெண்ணின் தந்தை உயிலில் "என் மகள் இன்னாள், இன்னாரின் மனைவி" என்று எழுதியிருப்பார்.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்தது சான்சரி வழக்குகள், அதாவது பாகப்பிரிவினை போன்ற சொத்துத் தகராறுகளைத் தீர்த்த நீதிமன்ற வழக்குகள். வாரிசுகள் நிலம் பிரிக்க வழக்குப் போடும்போது மூன்று தலைமுறைப் பெயர்களும், மிசூரிக்கும் கென்டக்கிக்கும் போன பிள்ளைகளும் ஒரே காகிதத்தில் வந்துவிடுவார்கள். வர்ஜீனியா மாநில நூலகம் இவற்றுக்கு இணையத்தில் அட்டவணை வைத்திருக்கிறது.

மலைப்பகுதியில் அடிமை முறை இல்லை என்கிறார்களே?

அது பொய். கீழை வர்ஜீனியாவை விட எண்ணிக்கை குறைவு, அவ்வளவுதான். 1773 அக்டோபர் 10இல், இன்றைய லீ கவுண்டிப் பக்கம், கென்டக்கிக்குப் போய்க்கொண்டிருந்த பூனின் கூட்டத்தில் பின்தங்கி வந்த ஒரு குழு தாக்கப்பட்டது. பூனின் மகன் ஜேம்ஸ், காசில்வுட்டின் வில்லியம் ரஸ்ஸலின் மகன் ஹென்றி ஆகியோர் இறந்தார்கள். அந்தக் குழுவில் சார்லஸ், ஆடம் என்ற இரண்டு அடிமைகளும் இருந்தார்கள். சார்லஸ் கொல்லப்பட்டார். ஒளிந்து தப்பிய ஆடம் நடந்ததைப் பார்த்த சாட்சி. ஜேம்ஸின் கதையை நூறு முறை சொல்லும் ஊர், ஆடமின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறகு சால்ட்வில் உப்பு உலைகளிலும் அடிமைகள் வேலை வாங்கப்பட்டார்கள்.

இவர்களுடைய வழித்தோன்றல்களுக்குத் தேடல் பலமடங்கு கடினம். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயர் மட்டும் உண்டு, அடிமைகள் வயது, பால், நிறம் என்று எண்களாக நிற்கிறார்கள். கணக்கெடுப்பில் பெரும்பாலோரின் பெயர் வருவது 1870இல்தான். அதிலிருந்து பின்னோக்கிப் போக, உரிமையாளர் குடும்பத்தின் உயில்கள், இறந்தவரின் சொத்து மதிப்பீடுகள், பாகப்பிரிவினை வழக்குகள் ஆகியவற்றில் பெயர்களைத் தேட வேண்டும். வர்ஜீனியா 1853 முதல் எடுத்த பிறப்புப் பதிவேட்டில் அடிமைக் குழந்தைகளும் உண்டு. 1866இல் விடுதலை பெற்ற தம்பதியரைப் பதிந்த ஏடுகள் சில கவுண்டிகளுக்கு மிஞ்சியிருக்கின்றன. கணவன், மனைவி, பிள்ளைகள், முன்னாள் உரிமையாளர் என்று எல்லாம் அதில் இருக்கும்.

உங்கள் குடும்பம் உரிமையாளர் பக்கம் என்றால், உயிலில் வரும் அந்தப் பெயர்களைப் படியெடுத்து வெளியிடுங்கள். அந்தக் காகிதம் இன்னொரு குடும்பத்துக்கு ஒரே ஆதாரமாக இருக்கலாம்.

"எங்கள் கொள்ளுப்பாட்டி செரோக்கி" என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

சில குடும்பங்களில் உண்மை, பல குடும்பங்களில் ஆதாரமில்லாத சொல். 1838-39இல் செரோக்கி மக்கள் பலவந்தமாக மேற்கே விரட்டப்பட்டார்கள். வழியிலும் முகாம்களிலும் சுமார் 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். வட கரோலினாவில் தங்கியவர்களின் வழிவந்தவர்களே இன்றைய கிழக்குச் செரோக்கிகள். அவர்களுக்கு 1835 கணக்கெடுப்பு முதல் 1924 பேக்கர் பட்டியல் வரை தொடர்ச்சியான ஏடுகள் இருக்கின்றன.

1906-07இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பின் இழப்பீட்டுக்காகச் சுமார் 46,000 மனுக்கள் வந்தன. கையன் மில்லர் என்ற அதிகாரி விசாரித்து ஏற்றவர்கள் சுமார் 30,000 பேர். ஒரு மனுவில் பலர் இருந்ததால் உரிமை கோரியவர்கள் சுமார் 90,000 பேர், பெரும்பாலோர் தள்ளுபடி. தள்ளப்பட்ட மனுக்களிலும் தாத்தா பாட்டி பெயர், பிறந்த ஊர் எல்லாம் இருப்பதால் குடும்ப வரலாற்றுக்கு அவை பொக்கிஷம். மரபணுச் சோதனை எந்தப் பழங்குடி என்று சொல்லாது. செரோக்கியாக இருப்பது ஒரு தேசத்தின் உறுப்பினராக இருப்பது. அதை அந்த மக்களே தீர்மானிக்கிறார்கள்.

மெலஞ்சன் என்பவர்கள் யார்?

டென்னசியின் ஹேன்காக் கவுண்டி நியூமன்ஸ் ரிட்ஜ் பகுதியையும் அதை அடுத்த வர்ஜீனியாவையும் சேர்ந்த கலப்பு வம்சாவளிக் குடும்பங்கள். ஸ்காட் கவுண்டியின் ஸ்டோனி க்ரீக் பாப்டிஸ்ட் சபையின் 1813 குறிப்பில் இந்தப் பெயர் வருகிறது. போர்த்துகீசியர் என்றும், கப்பல் உடைந்து கரையேறியவர்கள் என்றும் பல கதைகள் உண்டு. மையக் குடும்பங்களை ஆராய்ந்து 2012இல் வெளியான மரபணு ஆய்வு, தந்தைவழியில் ஆப்பிரிக்க, ஐரோப்பிய வேர்களையும் தாய்வழியில் ஐரோப்பிய வேர்களையும் காட்டியது.

அந்தக் கதைகளைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. "வெள்ளையர் அல்லாதவர்" என்று முத்திரை விழுந்தால் வாக்குரிமையும் திருமண உரிமையும் போய்விடும் நாடு அது. 1840களில் ஹாக்கின்ஸ் கவுண்டியில் வாக்களித்ததற்காகவே சிலர் மீது வழக்குப் போட்டார்கள். 1924இல் வர்ஜீனியா இனத் தூய்மைச் சட்டம் கொண்டுவந்தது. பிறப்பு இறப்புப் பதிவாளர் வால்டர் பிளெக்கர் 1943இல் கவுண்டி வாரியாகக் குடும்பப் பெயர்ப் பட்டியல் போட்டு, இவர்களை வெள்ளையராகப் பதியாதீர்கள் என்று அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். ஒரு பிறப்புச் சான்றிதழில் இனம் திருத்தப்பட்டிருந்தால் பின்னணியில் இந்தக் கை இருக்கலாம்.

கோர்ட் எரிந்துவிட்டது என்கிறார்கள். அவ்வளவுதானா?

ஹேன்காக் கவுண்டியில் 1885, 1930 ஆகிய ஆண்டுகளில் தீ. பியூகேனன் கவுண்டியில் 1885இல் தீ, 1977இல் வெள்ளம். இழப்பு பெரியதுதான். ஆனால் வரிப் பட்டியலின் ஒரு பிரதி வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டுக்குப் போனது. பட்டாக்கள் மாநிலத்திடம், பென்ஷன் கோப்பு மத்திய அரசிடம். தாய்க் கவுண்டியின் ஏடுகள் பத்திரமாக இருக்கக்கூடும். தேவாலயச் சபைகளின் குறிப்பேடுகளையும் மறக்காதீர்கள். யார் எந்தச் சபையிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு எங்கே போனார் என்று அதில் இருக்கும்.

கல்லறையைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பழைய கல்லறைகள் பண்ணை மேட்டின் உச்சியில், எழுத்தே இல்லாத வெறும் கற்களோடு இருக்கும். தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், குளிர்காலத்தில் போங்கள். செடிகொடி படுத்திருக்கும், பாம்புப் பயமும் குறைவு.

கல்லறை நீருக்குள் போயிருக்கவும் கூடும். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1936இல் கிளிஞ்ச் ஆற்றில் நோரிஸ் அணையை முடித்தபோது 5,000க்கும் மேற்பட்ட கல்லறைகளை இடம் மாற்றியது. 1941இல் செரோக்கி அணை பழைய பீன் ஸ்டேஷன் ஊரை மூழ்கடித்தது, 1948இல் வட்டாகா அணை பட்லர் ஊரை. ஆணையம் மூழ்கும் பகுதியின் கல்லறைகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தது. யாருடையது, நெருங்கிய உறவினர் யார், எங்கே மாற்றினார்கள் என்ற தாள்கள் இருக்கின்றன. இறப்புப் பதிவே இல்லாத காலத்தவர்களுக்கு அந்தத் தாள் சில சமயம் ஒரே சான்று.

சென்னையிலோ கொழும்பிலோ உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் தேட முடியுமா?

பெரும்பகுதி முடியும். வர்ஜீனியா மாநில நூலகத்தின் தளத்தில் பட்டாக்கள், சான்சரி வழக்குகள் இலவசம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்குத் தொடங்கினால் பத்திர ஏடுகள், உயில்கள், வரிப் பட்டியல்களின் படங்கள் கிடைக்கும். அட்டவணை இல்லாத ஏடுகளையும் கையெழுத்தைக் கணினியே படித்துத் தேடித்தரும் வசதி 2024 முதல் அங்கே இருக்கிறது. அதில் குடும்பப் பெயரோடு ஓடையின் பெயரையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். சில படங்களை அவர்களுடைய மையங்களில் மட்டுமே திறக்க முடியும். அப்படி வந்தால் ஏட்டின் எண்ணையும் பக்கத்தையும் குறித்து வைத்து, அந்தக் கவுண்டியின் எழுத்தர் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். எழுதும்போது "இந்தக் குடும்பத்தைப் பற்றி எல்லாம் வேண்டும்" என்று கேட்காமல், இன்ன ஏடு, இன்ன பக்கம் என்று கேட்டால் பதில் வரும்.